ஆச்சியின் சவுரி

ஆச்சி செத்து நாலு வருஷம் கழித்துத்தான் அவளுடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். உள்ளே ரெண்டு சுங்குடிச் சேலை, பழைய ரேஷன் கார்டு, ஒரு மஞ்சள் பை. பைக்குள் சவுரி. சவுரி என்றால் என்னவென்று இப்போது பலருக்குத் தெரியாது. தலை வாரும்போது சீப்பில் வரும் முடியை வீசிவிடாமல் சுருட்டிச் சுருட்டிச் சேர்த்துவைப்பார்கள். போதுமான அளவு சேர்ந்ததும் அதைக் கட்டிச் சடைபோல ஆக்கி, சொந்த முடியோடு சேர்த்துக் கொண்டை போட்டுக்கொள்வார்கள். அவளுடைய எத்தனையோ வருஷத்து முடி அந்தப் பையில் இருந்தது. கருப்பும் வெள்ளையும் கலந்து, இன்னும் லேசாகத் தேங்காய் எண்ணெய் வாசத்தோடு.

நான் அந்தச் சமயத்தில் முடியை வைத்துச் செய்யும் ஐசோடோப் ஆய்வுகளைப் பற்றி வாசித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆர்வக்கோளாறில் அம்மாவிடம் சொன்னேன்.

"இத லேப்ல குடுத்தா ஆச்சி என்ன சாப்பிட்டான்னு கண்டுபிடிச்சிரலாம்மா."

அம்மா நிமிர்ந்து பார்த்தாள். "அவ என்ன சாப்பிட்டான்னு இப்ப நமக்கு எதுக்குல?"

"இல்லம்மா, எப்பப் பாத்தாலும் 'நான் அப்பவே சாப்ட்டாச்சு, நீங்க சாப்பிடுங்க'ன்னு சொல்லுவால்லா..."

"சாப்ட்டேன்னு சொன்னால்லா. அதோட விடு." பையைச் சுருட்டி மறுபடியும் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

அம்மா கேட்டது சாதாரணக் கேள்வி. என்னால் அதற்குச் சட்டென்று பதில் சொல்ல முடியவில்லை. ஒரு மனுஷி தன் வாயால் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அவள் உடம்பு வேறொன்றைச் சொல்லக்கூடும். அந்த உடம்பைக் கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா? இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியோடு நான் போட்ட மல்லுக்கட்டுதான்.

*

முதலில் முடி எப்படிப் பேசுகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

இயற்கையில் உள்ள கார்பன் அணுக்களில் 98.9 சதவீதம் கார்பன்-12. மீதியில் கிட்டத்தட்ட எல்லாமே அதைவிடக் கொஞ்சம் கனமான கார்பன்-13. நைட்ரஜனிலும் அப்படித்தான்: 99.6 சதவீதம் நைட்ரஜன்-14, மிச்சம் நைட்ரஜன்-15. தொல்லியலில் காலத்தைக் கணிக்கப் பயன்படும் கார்பன்-14 சிதையக்கூடியது. இவை சிதைவதில்லை. அதனால்தான் நிலையான ஐசோடோப்புகள் என்று பெயர். ஐந்நூறு வருஷம் ஆனாலும், முடி கெடாமல் இருந்தால், அதில் இருக்கும் விகிதம் அப்படியே இருக்கும்.

செடிகள் காற்றிலிருந்து கார்பனை எடுக்கும் முறை ஒன்றுபோல இல்லை. நெல், கோதுமை, உருளைக்கிழங்கு, பருப்பு வகைகள் ஒரு ரகம். சி3 என்பார்கள். மக்காச்சோளம், சோளம், கம்பு, கேப்பை, தினை, கரும்பு எல்லாம் சி4. சி3 செடிகள் கனமான கார்பனை அதிகமாக ஒதுக்கிவிடும். ஒரு பொதுத் தரநிலையோடு ஒப்பிட்டு ஆயிரத்துக்கு இத்தனை என்று அளக்கும்போது, சி3 செடிகள் சுமார் -27 என்றும் சி4 செடிகள் சுமார் -12 என்றும் காட்டும். சோறு தின்றவர் யார், கம்மங்கூழ் குடித்தவர் யார் என்று ஒரு கருவியால் பிரித்துச் சொல்ல முடிவது இதனால்தான்.

நைட்ரஜன் சொல்வது வேறு சங்கதி. புல்லைத் தின்னும் ஆட்டின் உடம்பில் நைட்ரஜன்-15 புல்லில் இருப்பதைவிட ஆயிரத்துக்கு மூன்று, நான்கு கூடும். ஆட்டைத் தின்பவரிடம் இன்னும் ஒரு படி. கடல்மீன் தின்பவரிடம் அதற்கும் மேலே, ஏனென்றால் கடலில் ஒன்றை ஒன்று தின்னும் படிகள் அதிகம். தாய்ப்பால் குடிக்கும் குழந்தை இந்தக் கணக்கில் தாயைத் தின்னும் உயிர். அம்மாவைவிடக் குழந்தையின் முடியிலும் நகத்திலும் இந்த எண் இரண்டு, மூன்று கூடுதலாக இருக்கும். பால் மறக்கடித்ததும் இறங்கும். குலசாமி கோயிலில் முதல் மொட்டை போட்டு நாம் விட்டுவிட்டு வரும் முடியில், கருவில் வளர்ந்த முனையும் பால் குடித்து வளர்ந்த வேரும் இருக்கின்றன. கர்ப்பிணிகளின் முடியை ஆராய்ந்தவர்கள் இன்னொன்றும் கண்டார்கள். வயிற்றில் பிள்ளை வளரும் மாதங்களில் நைட்ரஜன் எண் இறங்குகிறது. மசக்கையில் சாப்பிட முடியாமல் எடை குறைந்தவர்களிடம் மட்டும் அந்தச் சமயத்தில் அது ஏறுகிறது. வாந்திகூட எழுதப்படுகிறது.

எலும்பு வாழ்நாள் முழுக்கத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருப்பதால் கடைசிப் பல வருஷங்களின் சராசரியைச் சொல்லும். பல்லுக்குள் இருக்கும் டென்டின் அது உருவான குழந்தைப் பருவத்தோடு நின்றுவிடும். முடி மாதத்துக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர் வளரும், வளர்ந்தபின் மாறாது. அதனால் நீளமான ஒரு முடி என்பது ஒரு நாட்குறிப்பு. வேர்ப்பக்கம் போன மாதம், முனைப்பக்கம் போன வருஷம். துண்டு துண்டாக வெட்டி, சுத்தம்செய்து, எரித்து வாயுவாக்கி, காந்தப்புலத்தின் வழியே அனுப்பினால் கனமான அணுக்களும் லேசான அணுக்களும் வேறு வேறு வளைவில் திரும்பும். எண்ணிவிடலாம்.

நாட்குறிப்பு என்று சொல்லிவிட்டேன். இந்தச் சொல் சரிதானா என்று பிறகு பார்ப்போம். நாட்குறிப்பு ஒருவர் எழுதுவது. முடியை யாரும் எழுதுவதில்லை.

*

1999 மார்ச் மாதம். அர்ஜென்டினா, சிலி எல்லையில் 6,739 மீட்டர் உயரமுள்ள லுல்லையாக்கோ எரிமலையின் உச்சிக்கு அருகே யோஹான் ரைன்ஹார்டும் கான்ஸ்டான்சா செருட்டியும் தலைமை தாங்கிய குழு மூன்று குழந்தைகளைக் கண்டெடுத்தது. சுமார் ஐந்நூறு வருஷத்துக்கு முன் இன்கா பேரரசு பலிகொடுத்த பிள்ளைகள். ரெண்டு பேருக்கு நாலைந்து வயசுதான் இருக்கும். மூன்றாமவளுக்குப் பதின்மூன்று. அவளை 'லா டொன்செல்லா', அதாவது கன்னி, என்று அழைக்கிறார்கள். அவளுடைய சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. குளிரில் உடம்பு கெடவே இல்லை. சம்மணம் போட்டு, தலை லேசாகச் சாய்ந்து, தூங்குவதுபோல உட்கார்ந்திருக்கிறாள். தலைமுடியைச் சின்னச் சின்னப் பின்னல்களாகப் பின்னிவிட்டிருக்கிறார்கள்.

பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரூ வில்சனும் அவரோடு வேலைசெய்தவர்களும் அந்த முடியை வாசித்தார்கள். 2007இல் ஒரு கட்டுரை, 2013இல் இன்னொன்று. அவள் முடியில் ரெண்டு வருஷத்துக்கும் மேலான காலம் இருந்தது. பழைய பகுதியில் ஒரு சாதாரண மலைக்குடியானவரின் சாப்பாடு. பெரும்பாலும் கிழங்கு. சாவதற்குச் சுமார் பன்னிரண்டு மாதத்துக்கு முன் எண்கள் திடீரென்று ஏறுகின்றன. கார்பன் மக்காச்சோளத்தின் பக்கம் போகிறது, நைட்ரஜன் இறைச்சியின் பக்கம். மக்காச்சோளமும் இறைச்சியும் அங்கே மேல்தட்டின் உணவு. ஆக்சிஜன், ஹைட்ரஜன், கந்தக ஐசோடோப்புகளின் மாற்றங்களை வைத்து, கடைசி மூன்று நான்கு மாதங்களில் மலையை நோக்கிய பயணம் தொடங்கியிருக்கலாம் என்கிறார்கள். இரண்டாவது கட்டுரையில் முடியில் கோக்கா, மதுவின் தடயங்களையும் அளந்தார்கள். கடைசி வருஷம் முழுக்க கோக்கா. கடைசிச் சில வாரங்களில் மது மிக அதிகம். எடுத்த படங்களில் அவள் பற்களுக்கு நடுவே கோக்கா இலை உருண்டை இன்னும் இருந்தது.

இதை முதன்முறை வாசித்தபோது எனக்குக் கண் கலங்கியது. கலங்கியதும் உடனே ஒரு கதையும் வந்துவிட்டது. கிடாயை நேர்ந்துவிட்டு நல்ல தீனி போட்டு வளர்ப்போமே, அதுதான் என்று. வெட்டுவதற்கு முன் மஞ்சத்தண்ணி ஊற்றித் தலையாட்ட வைப்போமே, அந்த மதுவும் அதுதான் என்று. கதை கனகச்சிதமாகப் பொருந்தியது. அவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதும் எனக்குச் சந்தேகம் வந்தது.

ஏனென்றால் அதே எண்களை வைத்து நேர் எதிரான கதையையும் சொல்லலாம். குடியானவர் வீட்டுப் பெண் ஒருத்தி தேர்ந்தெடுக்கப்படுகிறாள். அவள் தகுதி உயர்கிறது. ராஜபோகச் சாப்பாடு கிடைக்கிறது. கோக்காவும் மக்காச்சோள மதுவும் அந்தச் சமூகத்தில் புனிதப் பொருட்கள், எல்லோருக்கும் கிடைக்காதவை. அவள் தன்னை தெய்வங்களிடம் போகும் தூதுவராகவே நினைத்திருக்கலாம். முடி இந்தக் கதையையும் மறுக்கவில்லை. என்ன உள்ளே போனது, எப்போது போனது, எவ்வளவு போனது என்று முடி சொல்லும். கொடுத்தார்களா, திணித்தார்களா என்று சொல்லாது.

*

இந்த இடத்தில் இன்னொரு ஊருக்குப் போகவேண்டும். அயர்லாந்தில் கில்கென்னி. 2005இல் அங்கே பழைய ஏழைகள் விடுதி ஒன்றின் நிலத்தில் யாருக்கும் தெரியாத புதைகுழிகள் கிடைத்தன. 1847க்கும் 1851க்கும் நடுவில், உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் செத்தவர்கள். குறைந்தது 970 பேர். பாதிக்கும் மேல் குழந்தைகள். ஜூலியா போமன்ட், ஜேனட் மான்ட்கோமரி இருவரும் அவர்களில் சிலருடைய எலும்பையும் பல்லையும் ஆராய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். பல்லை மெல்லிய அடுக்குகளாகப் பிரித்துப் பார்த்தபோது, உருளைக்கிழங்கையே நம்பி வாழ்ந்த உடம்புக்குள் மக்காச்சோளம் நுழையும் இடம் தெரிந்தது. அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த நிவாரண மாவு அது. பஞ்சம் ஒரு பிள்ளையின் பல்லில் எந்த இடத்தில் வந்து நின்றது என்று கைவைத்துக் காட்டலாம்.

அதற்கு முன்பே நைட்ரஜன் ஏறுகிறது. அது இறைச்சியால் ஏறியது இல்லை. பட்டினி கிடக்கும் உடம்பு வேறு வழியில்லாமல் தன் தசையையே கரைத்துச் சாப்பிடுகிறது. நைட்ரஜன் கணக்கில் பார்த்தால் தன்னைத் தின்பவரும் இன்னொரு உயிரைத் தின்பவரும் ஒன்றுதான். ரெண்டு பேருக்கும் ஒரு படி ஏறும்.

நான் இந்த இடத்தில் ரொம்ப நேரம் நின்றேன். லுல்லையாக்கோவில் நைட்ரஜன் கோடு மேலே போனால் நல்ல சாப்பாடு. கில்கென்னியில் நைட்ரஜன் கோடு மேலே போனால் பட்டினி. விருந்தும் பஞ்சமும் ஒரே கோடு. கார்பனையும் சேர்த்துப் பார்த்துத்தான் பிரிக்கிறார்கள். பட்டினியில் நைட்ரஜன் ஏறும்போது கார்பன் கூடவே ஏறாது, பெரும்பாலும் எதிர்ப்பக்கம் போகும். அதற்கு மேல் சரித்திரம், கல்லறை, வரலாற்று ஆவணங்கள் எல்லாம் துணைக்கு வரவேண்டும். கோடு தானாகப் பேசுவதில்லை. பக்கத்தில் யாராவது நின்று, இவர் இன்னார், இன்ன காலத்தில் இன்ன இடத்தில் இருந்தார் என்று சொன்னால்தான் அதற்கு வாய் வருகிறது.

சாட்சி, தடயம் என்று நம்மிடம் ரெண்டு சொற்கள் இருக்கின்றன. பேச்சில் ரெண்டையும் கலந்துவிடுகிறோம். சாட்சி ஒரு ஆள். அவருக்குச் சொல்லவேண்டும் என்றொரு எண்ணம் இருக்கும். சொல்லாமல் மறைக்கவும் அவரால் முடியும். பொய் சொல்லவும் முடியும். அவர் சொல்வதற்கு மதிப்பு வருவதே அவரால் சொல்லாமலும் இருக்க முடியும் என்பதால்தான். தடயத்துக்கு இது எதுவும் கிடையாது. மண்ணில் பதிந்த கால்தடம் யாரையும் காட்டிக்கொடுக்க நினைப்பதில்லை. முடி, பல், எலும்பு எல்லாம் தடயங்கள். அவற்றை 'உடம்பின் சாட்சி' என்று சொல்லும் ஒவ்வொரு முறையும், நம்முடைய கேள்வியை அந்த உடம்பின் வாயில் வைத்துவிட்டு, பதிலை அது சொன்னதுபோலக் கேட்டுக்கொள்கிறோம்.

அப்படியென்றால் வாசிக்கவே கூடாதா? அதுவும் இல்லை. கில்கென்னியில் கிடந்தவர்களைப் பற்றி எழுதியவர்கள் யார்? விடுதி குமாஸ்தாக்கள், அதிகாரிகள், பயணிகள். செத்தவர்கள் தங்களைப் பற்றி எதுவும் எழுதவில்லை. அந்த ஒன்பதாவது வயசில், அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்பதற்கு அந்தப் பல்லைத் தவிர வேறு எதுவும் மிச்சமில்லை. பல்லை வாசித்ததால் யாருடைய வார்த்தையும் பொய்யாகவில்லை. அவர்கள் வார்த்தை நமக்கு வந்து சேரவே இல்லை. வாசித்து முடித்து, அந்த எலும்புகளை மறுபடியும் மரியாதையாக அடக்கம் செய்தார்கள். நம்மூர் தாது வருஷப் பஞ்சத்தில், 1876-78இல், செத்தவர்களை நினைத்துக்கொண்டேன். எரித்த உடம்பில் புரதம் மிஞ்சாது. அவர்களில் பலருக்கு இந்தத் தடயம்கூட இல்லை.

ஆக, எனக்கு ஒரு விதி கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். பேச வாய்ப்பே கிடைக்காதவரின் உடம்பை வாசிக்கலாம். பேசிக்கொண்டிருப்பவரின் வாயை மூட அவர் உடம்பை வாசிக்கக் கூடாது.

*

இந்த விதியின் இரண்டாவது பாதிக்கு உதாரணம் தேடவேண்டியதில்லை.

2009 செப்டம்பரில் பிரிட்டனின் எல்லைப் பாதுகாப்பு முகமை ஒரு முன்னோட்டத் திட்டத்தைத் தொடங்கியது. ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதியிலிருந்து தஞ்சம் கேட்டு வருபவர்கள், குறிப்பாகத் தங்களைச் சோமாலியர்கள் என்று சொல்பவர்கள், உண்மையிலேயே அந்த நாட்டுக்காரர்கள்தானா என்று கண்டுபிடிக்க மரபணுவையும், முடியிலும் நகத்திலும் உள்ள ஐசோடோப்புகளையும் பயன்படுத்துவதுதான் திட்டம். நீங்கள் சோமாலியா என்கிறீர்கள், உங்கள் நகம் கென்யா என்கிறதே என்று கேட்பதற்காக.

ஐசோடோப் ஆய்வில் வேலை செய்பவர்களே அதிர்ந்துபோனார்கள். காரணம் எளிது. முடியும் நகமும் கடைசிச் சில மாதங்களில் நீங்கள் எங்கே தண்ணீர் குடித்தீர்கள், என்ன சாப்பிட்டீர்கள் என்று சொல்லும். நாட்டை விட்டு ஓடி, ஒரு வருஷம் முகாம்களிலும் லாரிகளிலும் கழித்து லண்டன் வந்தவரின் நகத்தில் அந்த முகாம்தான் இருக்கும். பிறந்த ஊர் இருக்காது. தவிர, குடியுரிமை ஒரு தனிமம் இல்லை. எல்லைக்கோட்டின் ரெண்டு பக்கமும் அதே மழைதான் பெய்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் கென்யாவிலும் சோமாலி பேசும் மக்கள் வாழ்கிறார்கள். கடுமையான விமர்சனத்துக்குப் பிறகு அந்தத் திட்டம் கைவிடப்பட்டது.

மாதிரி கொடுப்பது அவரவர் விருப்பம் என்றுதான் சொன்னார்கள். தஞ்சம் கேட்டுக் காத்திருக்கும் ஒருவரின் விருப்பம் எப்படிப்பட்டது? கதவுக்கு வெளியே மழையில் நிற்பவரிடம், நகத்தை வெட்டிக் கொடுக்கிறீர்களா, கட்டாயமில்லை என்று கேட்பதுபோலத்தான்.

அறிவியல் தவறு என்பதால் மட்டும் அந்தத் திட்டம் தப்பு என்றால், நாளைக்குக் கருவி துல்லியமாகிவிட்டால் அது சரியாகிவிடுமா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். அங்கே ஒருவர் உட்கார்ந்து, தனக்கு என்ன நடந்தது என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். அவரைக் கேட்காமல் அவர் நகத்தைக் கேட்பது என்று முன்கூட்டியே முடிவாகிவிட்டது. அவர் பொய்யராகவே கதவுக்குள் நுழைகிறார்.

உடம்பு அவர்கள் பக்கம் பேசினால் நம்புவார்களா? இதற்கு ஒரு தமிழரின் வழக்கு இருக்கிறது. நீதிமன்ற ஆவணங்களில் அவர் பெயர் கே.வி. என்ற ரெண்டு எழுத்து மட்டும். இலங்கையில் படையினரின் காவலில் சூடான இரும்புக் கம்பியால் சுட்டார்கள் என்று சொல்லி பிரிட்டனில் தஞ்சம் கேட்டார். தழும்புகள் இருந்தன. அவை அவர் சொன்னதோடு பொருந்துகின்றன என்று மருத்துவ அறிக்கையும் இருந்தது. அப்படியும், தானே சம்மதித்து இன்னொருவரை வைத்துச் சுட்டுக்கொண்டிருக்கலாமே என்ற சந்தேகத்தில் தீர்ப்பாயம் அவர் கோரிக்கையை ஏற்கவில்லை. 2019 மார்ச்சில்தான் பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் அந்த முடிவை ரத்துசெய்து, வழக்கை மறுபடியும் விசாரிக்கச் சொன்னது.

ரெண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாய் பேசினால், உடம்பு என்ன சொல்கிறது பார்ப்போம் என்கிறார்கள். உடம்பு பேசினால், உடம்பும் பொய் சொல்லுமே என்கிறார்கள். நம்பக் கூடாது என்று முடிவெடுத்துவிட்டவருக்கு எந்தத் தடயமும் போதாது. உடம்பை வாசிப்பதில் இருக்கும் அறம், உடம்பை வாசிப்பதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. யார் கேட்கிறார், எதற்காகக் கேட்கிறார், பதிலின் பாரம் யார் தலையில் விழும் என்பதில்.

*

ஆனால் என் விதி ரொம்ப நாள் தாங்கவில்லை. லுல்லையாக்கோ சிறுமி அதை உடைத்துவிட்டாள்.

அவள் பேசவில்லை, அதனால் வாசிக்கலாம் என்பது என் விதியின் முதல் பாதி. ஆனால் அவளைத் தங்கள் மூதாதை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அர்ஜென்டினாவின் சால்டா நகரத்தில் அந்தக் குழந்தைகளுக்காகவே ஒரு அருங்காட்சியகம் இருக்கிறது. 2007இல் அவளைக் குளிரூட்டிய கண்ணாடிப் பேழைக்குள் வைத்துக் காட்டத் தொடங்கியபோது, பழங்குடி அமைப்புகளில் சில எதிர்ப்புத் தெரிவித்தன. எங்கள் பிள்ளையை மலையிலிருந்து இறக்கியதே தப்பு என்றார்கள். செத்தவர் பேசவில்லை, சரி. செத்தவருக்காகப் பேசுகிறவர்களை என்ன செய்வது? அவளைப் பலிகொடுத்தவர்களும் அவளுக்காகப் பேசியவர்கள்தானே? இந்தக் கேள்வி எனக்கே கசக்கிறது. ஆனாலும் கேட்கத்தான் வேண்டியிருக்கிறது.

நான் வந்து நிற்கும் இடம் இது. அந்த முடி அவள் மனசைச் சொல்லவில்லை. கௌரவமா கொடுமையா என்றும் தீர்ப்பு சொல்லவில்லை. ஆனால் ஒன்றைச் சொல்கிறது: பன்னிரண்டு மாதம். அவள் மலையேறுவதற்கு ஒரு வருஷம் முன்பே, சாப்பாட்டை மாற்றுங்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார். ஒரு வருஷம் முழுக்க ஒரு ஏற்பாடு அவளைச் சுற்றி நடந்திருக்கிறது. அவளுக்கு அது தெரிந்திருந்ததா என்று நமக்குத் தெரியாது. மற்றவர்களுக்குத் தெரிந்திருந்தது. முடி அவளைப் பற்றிச் சொல்வதைவிட அவளைச் சுற்றி இருந்தவர்களைப் பற்றி அதிகம் சொல்கிறது. கில்கென்னியின் பல்லும் அப்படித்தான். மாவு எப்போது வந்தது என்றுதான் அது சொல்கிறது. எவ்வளவு தாமதமாக வந்தது என்றும் சேர்த்து.

ஒரு உடம்பில் எழுதப்பட்டிருப்பது பெரும்பாலும் அந்த உடம்புக்கு மற்றவர்கள் செய்தது. அதனால் வாசிப்பவர் கேட்கவேண்டிய கேள்வி 'நீ யார், நீ சொன்னது நிஜமா' என்பதாக இருக்கக் கூடாது. 'உனக்கு என்ன செய்தார்கள், என்ன செய்யாமல் விட்டார்கள்' என்பதாக இருக்கலாம். பிரிட்டன் அதிகாரி கேட்டது முதல் கேள்வி. கில்கென்னியில் கேட்டது ரெண்டாவது. என் பழைய விதியை இப்படித்தான் திருத்திக்கொண்டேன்.

*

இப்போது ஆச்சியின் சவுரிக்கு வருகிறேன்.

அறிவியல்ரீதியாக என்னால் தப்பித்துக்கொள்ள முடிந்திருக்கும். சவுரியில் முடியெல்லாம் தலைகீழாகவும் குறுக்காகவும் கலந்து கிடக்கிறது. எந்த மாதம், எந்த வருஷம் என்று பிரிக்க முடியாது. நைட்ரஜன் அதிகமாக இருந்தால் அது பட்டினியா, அவள் விரும்பித் தின்ற கருவாடா என்று குழம்பலாம். எடை குறையாத அளவுக்கு, ஆனால் தினமும் கொஞ்சம் குறைவாகச் சாப்பிட்டவளின் முடியில் எதுவுமே தெரியாமல் போகலாம். 'கருவியால் முடியாது' என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கருவி சொல்லிவிடும். கார்பன். அந்த வீட்டில் பிள்ளைகளுக்கும் ஆண்களுக்கும் சோறு, அவளுக்குக் கம்மங்கூழோ கேப்பைக் களியோ என்று வருஷக்கணக்கில் நடந்திருந்தால், எவ்வளவு கலந்து கிடந்தாலும் அந்தச் சராசரியே காட்டிக்கொடுத்துவிடும். நெல்லும் கம்பும் அவ்வளவு தூரம் விலகி நிற்பவை. அதனால் 'முடியாது' என்ற சாக்கு எனக்கு இல்லை. கொடுக்கலாமா வேண்டாமா என்று நான்தான் தீர்மானிக்கவேண்டும்.

அம்மா பக்கம் ஒரு நியாயம் இருக்கிறது. 'நான் சாப்ட்டாச்சு' என்பது ஆச்சி எங்களுக்குக் கொடுத்த ஒன்று. நாங்கள் குற்றவுணர்வில்லாமல் சாப்பிடவேண்டும் என்பதற்காக அவள் சொன்னது. அதைப் பொய் என்று நிரூபித்தால் அவள் கொடுத்ததைத் திருப்பி அவள் முகத்தில் எறிவதுபோல ஆகாதா? அவளுக்கு அதில் ஒரு லாபமும் இல்லை. எனக்கு மட்டும் ஒரு கண்ணீரும், அதை வைத்து ஒரு கட்டுரையும் கிடைக்கும்.

எதிர்ப்பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. அது என்னை அதிகம் உறுத்துகிறது. 'அவ சொன்னா, அதோட விடு' என்பது மரியாதை மாதிரித் தெரிந்தாலும் நமக்கு ரொம்ப வசதியான மரியாதை. வீட்டுப் பெண்கள் சாப்பிட்டாச்சு என்று சொன்னதை நம்பித்தான் நம் வீடுகளில் எல்லோரும் ரெண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டார்கள். கில்கென்னி குமாஸ்தாவும் 'எல்லோருக்கும் மாவு வழங்கப்பட்டது' என்று எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்.

ரெண்டுக்கும் நடுவில் ரொம்ப நாள் அல்லாடினேன். கடைசியில் எனக்குத் தோன்றியது, நான் கேள்வியைத் தப்பான இடத்தில் கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று. அவள் சாப்பிட்டாளா இல்லையா என்று தெரிந்துகொள்ள ஐசோடோப் தேவைப்பட்டதே இல்லை. அவள் உயிரோடு இருந்தபோது அடுப்படிக்குப் போய்ச் சட்டியின் மூடியைத் தூக்கிப் பார்த்திருந்தால் போதும். சட்டியில் சோறு இருக்கிறதா, அடி வழித்து எடுத்திருக்கிறதா என்று ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். ஒருத்தர்கூடப் பார்க்கவில்லை. நானும் பார்க்கவில்லை. பத்து வயசுப் பையனுக்கு அது தெரியாது என்று சொல்லலாம். இருபது வயசிலும் நான் பார்க்கவில்லை.

தூக்க வேண்டிய மூடியைத் தூக்காமல் விட்டவன், இப்போது முடியை எரித்து வாயுவாக்கி எண்ணிப்பார்க்க ஆசைப்படுகிறேன். அந்தக் கேள்வி 'உனக்கு என்ன செய்தோம்' என்று தொடங்கினாலும், பதில் எனக்கு முன்பே தெரியும். தெரிந்த பதிலுக்கு தசமப்புள்ளி போட மட்டும்தான் அந்தக் கருவி எனக்குத் தேவைப்படுகிறது. சவுரியைக் கொடுக்கவேண்டாம் என்று முடிவெடுத்தேன். பை பெட்டியிலேயே இருக்கிறது.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தேன். ராத்திரி சாப்பாடு. நானும் அக்கா பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தோம். அம்மா பரிமாறிக்கொண்டிருந்தாள். "நீயும் உக்காரும்மா" என்றேன்.

"நான் அப்பவே சாப்ட்டாச்சுல. நீ சாப்பிடு."

எழுந்து அடுப்படிக்குப் போனேன். அம்மா பின்னாலேயே வந்தாள். "என்னல பாக்க?"

நான் மூடியைத் தூக்கினேன்.